இரண்டுங்கெட்டான் அசெம்பிளி அசைன்மென்ட்: மாணவருக்கு உதவ உட்காருகிறவர்களுக்கு

"இரண்டு 8 பிட் எண்களைக் கூட்டி விடையை மெமரியில் சேமிக்கவும். எண்கள்: 25, 38."

இன்டெல் 8085 சிப்புக்கான அசெம்பிளி (சிப்பின் கட்டளைகளை ஒவ்வொன்றாக எழுதும் மொழி) படித்துக்கொண்டிருந்த ஒரு மாணவி இந்த ஒற்றை வரியோடு என்னிடம் வந்தார். அவருக்கு விடை 5டி வருகிறது. பக்கத்தில் உட்காரும் தோழிக்கு 63. இன்னொருவனுக்கு 3எஃப். "யாரோடது சரி அண்ணா?" என்று கேட்டார். மூன்று புரோகிராமையும் வாங்கிப் பார்த்தேன். மூன்றும் சரி.

25, 38 இரண்டையும் ஹெக்ஸ் (16ஐ அடியாகக் கொண்ட எண்முறை) என்று எடுத்துக் கூட்டினால் 5டி. அதே கூட்டலுக்குக் கீழே டிஏஏ என்று ஒரு வரி சேர்த்தால், பிசிடி எண்ணாக (ஒவ்வொரு பதின்ம இலக்கத்தையும் 4 பிட்டில் வைக்கும் முறை) திருத்தி 63 ஆக்கிவிடும். இரண்டும் சாதாரண பதின்ம எண்கள் என்று அசெம்பிளரிடம் (கோடை எந்திர மொழிக்கு மாற்றும் மென்பொருள்) சொல்லிவிட்டால் விடை 63தான், ஆனால் மெமரியைத் திறந்து பார்த்தால் 3எஃப் என்று தெரியும். மூவரும் கூட்டலை ஒழுங்காகச் செய்திருக்கிறார்கள். அவரவர் தீர்த்துவைத்த கேள்விதான் வெவ்வேறு.

அசெம்பிளியில் மாணவருக்கு உதவ முதன்முதலாக உட்காருகிறீர்கள் என்றால், நீங்கள் அதிகம் சந்திக்கப் போவது இதைத்தான். கோடு எழுதத் தெரியாமல் வருகிறவர்கள் குறைவு. எதை எழுதச் சொல்கிறார்கள் என்றே பிடிபடாமல் வருகிறவர்கள்தான் அதிகம்.

இது ஏன் அசெம்பிளியில் மட்டும் இப்படி மண்டையை உடைக்கிறது? சி மாதிரியான மொழியில் மாறியை அறிவிக்கும்போதே அது எத்தனை பிட், குறியுள்ளதா (கழித்தல் எண்ணும் வருமா) இல்லையா என்று எழுதிவிடுகிறோம். கேள்வியில் விட்டுப்போனதை அந்த அறிவிப்பு ஓரளவு ஈடுகட்டிவிடும். அசெம்பிளியில் மெமரியில் கிடப்பது வெறும் பைட். எஃப்எஃப் என்ற பைட்டுக்குத் தான் 255ஆ, கழித்தல் 1ஆ என்று தெரியாது. நாம் தேர்ந்தெடுக்கும் இன்ஸ்ட்ரக்‌ஷன்தான் அதற்கு அர்த்தம் கொடுக்கிறது. ஆகவே கேள்வி ஒன்றைச் சொல்லாமல் விட்டால், எழுதுகிறவர் தனக்கே தெரியாமல் அதை முடிவு செய்துவிடுகிறார். அப்படித் தெரியாமல் எடுத்த முடிவுகளை மேலே கொண்டுவந்து காட்டுவதுதான் உங்கள் வேலை.

முதலில், கேள்வித்தாளையே பாருங்கள்

மாணவர் வாயால் சொல்வது கேள்வி இல்லை, கேள்வியின் சுருக்கம். "பெரிய நம்பர் கண்டுபிடிக்கணும், அவ்வளவுதான்" என்பார். தாளை வாங்கிப் பார்த்தால் "குறியுள்ள 16 பிட் எண்கள் பத்தில்" என்று தெளிவாக அச்சடித்திருக்கும். குழப்பம் என்று வரும் அசைன்மென்ட்களில் பாதி, மூலத்தைக் கண்ணால் பார்த்ததுமே தீர்ந்துவிடும். அதனால் படமோ, தாளோ, எதுவானாலும் முழுசாகக் கேட்டு வாங்குங்கள். அந்தக் கேள்வி மட்டும் போதாது. அதற்கு முந்தைய கேள்வி, மாதிரி உள்ளீடு, லேப் மேனுவலில் அந்தப் பக்கம், அந்த வாரம் வகுப்பில் நடந்த பாடம், எல்லாம் வேண்டும்.

கடைசியாகச் சொன்னதைச் சாதாரணமாக நினைக்காதீர்கள். மேலே சொன்ன மாணவியிடம், "இந்த வாரம் என்ன நடத்தினாங்க?" என்று கேட்டேன். "டிஏஏ இன்ஸ்ட்ரக்‌ஷன்" என்றார். அப்புறம் யோசிக்க என்ன இருக்கிறது, கேட்டவர் மனத்தில் இருந்தது 63.

எந்த எந்திரம், எந்த அசெம்பிளர்

"அசெம்பிளியில் எழுது" என்பது "இசைக்கருவி வாசி" என்பது போல. எந்தக் கருவி என்று தெரியாமல் கையை வைக்க முடியாது. மாணவர்களுக்குப் பாடத்தில் வருவது பெரும்பாலும் இன்டெல்லின் 8085, 8086, 8051 ஆகிய மூன்றில் ஒன்று, இல்லையென்றால் மிப்ஸ், ஆர்ம், அல்லது லினக்ஸில் ஓடும் எக்ஸ்86. முதல் மூன்றும் 1970களின் பிற்பகுதியிலும் 1980ஐ ஒட்டியும் வந்த சிப்கள். ஆனாலும் ரெஜிஸ்டர்கள் (சிப்புக்குள் எண் வைக்கும் சின்ன இடங்கள்) குறைவு, எல்லாவற்றையும் விரல்விட்டு எண்ணலாம் என்பதால் பாடத்தில் நிலைத்துவிட்டன.

சிப் பெயர் தெரிந்தால் மட்டும் போதாது. 8086 என்றே வைத்துக்கொள்வோம். மாஸ்ம் அசெம்பிளரில் ஒரு மாறியின் பெயரை அப்படியே மூவ் இன்ஸ்ட்ரக்‌ஷனில் எழுதினால் அதன் உள்ளே இருக்கும் மதிப்பு வரும். நாஸ்மில் அதே வரியை எழுதினால் மாறியின் முகவரி வரும். மதிப்பு வேண்டுமானால் சதுர அடைப்புக்குறி போட வேண்டும். வரி ஒன்றுதான், அர்த்தம் இரண்டு. இணையத்தில் கிடைத்த நாஸ்ம் கோடை மாஸ்மில் ஒட்டிவிட்டு "கேள்வியே தப்பு" என்று வருகிறவர்கள் உண்டு.

குனு அசெம்பிளர் என்றால் இன்னொரு தலைவலி. வழக்கமாக அது ஏடி அண்ட் டி பாணியில் எழுதும்: மூலம் முதலில், போய்ச் சேரும் இடம் பிறகு. இன்டெல் பாணியில் இது தலைகீழ். ரெஜிஸ்டர் பெயருக்கு முன்னால் சதவீதக் குறியும் எண்ணுக்கு முன்னால் டாலர் குறியும் இருந்தால் ஏடி அண்ட் டி என்று பார்த்ததும் சொல்லிவிடலாம்.

லினக்ஸில் 32 பிட்டா, 64 பிட்டா என்பதையும் கேளுங்கள். 32 பிட்டில் இன்ட் 80 வழியாகக் கூப்பிடும்போது எண் 1 என்றால் "புரோகிராமை முடி". 64 பிட்டில் சிஸ்கால் வழியாக அதே எண் 1 என்றால் "எழுது", முடிப்பதற்கு 60. இது தெரியாமல் இரண்டையும் கலந்தால் புரோகிராம் சத்தமில்லாமல் முடிந்துவிடும், மாணவர் இரவு முழுக்கத் தேடுவார்.

எந்தச் சூழல் என்று மாணவருக்கே தெரியவில்லையா? அவரிடம் இருக்கும் ஏதாவது ஒரு பழைய புரோகிராமின் கடைசி வரியைப் பாருங்கள். எச்எல்டி என்று இருந்தால் பெரும்பாலும் 8085 கிட்டோ (லேபில் இருக்கும் பயிற்சிப் பலகை), அதன் சிமுலேட்டரோ. இன்ட் 3 என்றால் 8086 கிட்டாக இருக்கலாம். ஏஎச்சில் 4சி போட்டு இன்ட் 21 கூப்பிட்டிருந்தால் டாஸ். டாஸ் என்றால் இன்னொன்றையும் கேளுங்கள்: எதில் ஓட்டுகிறாய்? 64 பிட் விண்டோஸ் இந்த 16 பிட் புரோகிராம்களை நேரடியாக ஓட்டாது. டாஸ்பாக்ஸோ எமுலேட்டரோ வேண்டும். "கோட் தப்பு" என்று வந்தவரின் கோட் சுத்தமாக இருந்து, ஓட்டிய இடம் மட்டும் தப்பாக இருந்ததும் நடந்திருக்கிறது.

ஓட்டைகளைத் தேடுங்கள்

எந்திரம் தெரிந்தாயிற்று. இப்போது கேள்வியை மாணவரையே சத்தமாக வாசிக்கச் சொல்லுங்கள். ஒவ்வொரு பெயர்ச்சொல்லிலும் நிறுத்தி, "இதுல என்ன சொல்லலை?" என்று கேளுங்கள். பழகினால் ஓட்டைகள் திரும்பத் திரும்ப ஒரே இடங்களில்தான் இருக்கின்றன என்று தெரியும்.

மிக மோசமானது குறி. "வரிசையில் உள்ள ஐந்து எண்களில் பெரியதைக் கண்டுபிடி" என்ற கேள்வியை எடுத்துக்கொள்ளுங்கள். வரிசை இது: 25, 80, 7எஃப், எஃப்எஃப், 10, எல்லாம் ஹெக்ஸ். குறியில்லா எண்கள் என்றால் எஃப்எஃப்தான் பெரியது, 255. குறியுள்ளவை என்றால் எஃப்எஃப் என்பது கழித்தல் 1, 80 என்பது கழித்தல் 128. பெரியது 7எஃப், அதாவது 127. 8086இல் இந்த இரண்டு புரோகிராமுக்கும் வித்தியாசம் ஒரே ஓர் எழுத்து: ஒப்பிட்ட பிறகு ஜேஏ போட்டால் குறியில்லாதது, ஜேஜி போட்டால் குறியுள்ளது. ஆர்மில் பிஎச்ஐ, பிஜிடி. மிப்ஸில் எஸ்எல்டியூ, எஸ்எல்டி.

கொடுமை என்னவென்றால், மாணவர் சோதிக்க எடுக்கும் எண்கள் எப்போதும் 5, 3, 9, 2 மாதிரி சின்னவையாகவே இருக்கும். அவற்றுக்கு இரண்டு புரோகிராமும் ஒரே விடை தரும். ஆகவே ஹெக்ஸ் 80க்கு மேல் ஒன்று, கீழே ஒன்று என்று கலந்து கொடுத்து ஓட்டச் சொல்லுங்கள். ஓட்டுவதற்கு முன் விடையை அவரே தாளில் எழுதட்டும்.

8085இல் ஒப்பிடும் சிஎம்பி போட்டபின் கேரி ஃபிளாக்கை (மிச்சமோ கடனோ வந்ததா என்று காட்டும் ஒரு பிட்) பார்த்து முடிவெடுப்பதுதான் வழக்கம், அது குறியில்லா ஒப்பீடு. குறியுள்ள ஒப்பீட்டுக்கு அங்கே நேரடி ஜம்ப் கிடையாது, கூடுதலாகக் கொஞ்சம் வேலை செய்ய வேண்டும். அதனால் 8085 கேள்வியில் குறியைப் பற்றிப் பேச்சே இல்லையென்றால், குறியில்லாதது என்று எடுத்துக்கொள்வதே நியாயமானது. உண்மையிலேயே குறியுள்ளது வேண்டும் என்றால் ஒரு சின்னத் தந்திரம்: ஒப்பிடும் இரண்டு எண்களின் மேல் பிட்டையும் 80 உடன் எக்ஸ்ஆர்ஐ செய்து புரட்டிவிட்டு, வழக்கம்போல ஒப்பிடலாம். வரிசை சரியாக வந்துவிடும். ஏன் வருகிறது என்று மாணவரைத் தாளில் போட்டுப் பார்க்கச் சொன்னால் அரை மணி நேரம் நன்றாகப் போகும்.

அடுத்தது அகலம். "பத்து 8 பிட் எண்களின் கூட்டுத்தொகை." ஒவ்வொன்றும் 255 வரை போகலாம், பத்தும் சேர்ந்தால் 2550. ஒரு பைட்டில் அடங்காது. கேரியைத் தனியாக எண்ணி இன்னொரு பைட்டில் வைக்கச் சொல்கிறார்களா, அல்லது தொகை 8 பிட்டுக்குள் வரும் என்று வைத்துக்கொள்ளலாமா? ஃபேக்டோரியல் இன்னும் வேடிக்கை. 5இன் ஃபேக்டோரியல் 120, பைட்டில் அடங்கும். 6க்கு 720, அடங்காது. 8க்கு 40320, 16 பிட்டில் கொள்ளும். 9க்கு 362880, கொள்ளாது. 32 பிட் மிப்ஸிலும் 12 வரைதான். "என் (n) கொடுக்கப்பட்டுள்ளது" என்று மட்டும் எழுதியிருந்தால், எந்த என் வரைக்கும் என்று கேட்டே ஆக வேண்டும்.

எண்ணிக்கை எங்கே இருக்கிறது என்பது மூன்றாவது. மெமரியில் 05, 12, 8ஏ, 34, 01, 77 என்று வரிசையாக இருக்கிறது. முதல் 05 எண்ணிக்கையா, அல்லது அதுவும் ஓர் எண்தானா? லேப் பயிற்சிகளில் முதல் பைட்டில் எண்ணிக்கையை வைக்கும் வழக்கம் உண்டு. ஆனால் கேள்வியில் அதைச் சொல்ல மறந்துவிடுவார்கள், ஏனென்றால் அவர்களுக்கு அது மூச்சுவிடுவது மாதிரி. எண்ணிக்கை 0 ஆக இருக்கலாமா என்றும் கேளுங்கள். 8086இன் லூப் இன்ஸ்ட்ரக்‌ஷன் முதலில் எண்ணிக்கை இருக்கும் சிஎக்ஸ் ரெஜிஸ்டரில் ஒன்றைக் கழித்துவிட்டுத்தான் பார்க்கும். 0 இருந்தால் 65536 முறை சுற்றிவிட்டு வரும். ஜேசிஎக்ஸ்இசட் என்று முன்னால் ஒரு காவல் போட்டால் தீர்ந்தது.

விடையை எப்படிக் காட்டுவது? "கீபோர்டிலிருந்து இரண்டு எண்களை வாங்கிக் கூட்டி விடையைத் திரையில் காட்டு." 5, 4 கொடுத்தால் 9 வருகிறது. மாணவருக்கு மகிழ்ச்சி. 5, 7 கொடுத்ததும் திரையில் '<' என்று வந்து நிற்கிறது. பேய் ஒன்றும் இல்லை. 12உடன் 48 கூட்டி எழுத்தாக மாற்றினார், 60ஆவது ஆஸ்கி எழுத்து அதுதான். கேள்வி "ஒற்றை இலக்க விடை" என்று சொன்னதா, இல்லை இரண்டு இலக்கத்தையும் பத்தால் வகுத்துப் பிரித்துக் காட்ட வேண்டுமா? பின்னதென்றால் புரோகிராமின் நீளமே இரண்டு மடங்கு. மதிப்பெண் எவ்வளவு என்று பார்த்தாலே பாதி பதில் கிடைக்கும். 2 மதிப்பெண் கேள்விக்கு யாரும் எண்ணை எழுத்தாக்கும் வழிமுறை முழுவதையும் எதிர்பார்ப்பதில்லை.

ஸ்ட்ரிங் கேள்விகளில் முடிவுக்குறி என்ன என்று கேளுங்கள். டாஸின் 09 செயல்பாடு டாலர் குறி வரை அச்சிடும், சி பழக்கத்தில் வந்தவர் 0 போட்டு முடித்திருப்பார், திரையில் குப்பையாகக் கொட்டும்.

8051க்கென்றே இரண்டு ஓட்டைகள். "40எச் முகவரியில் உள்ள எண்" என்றால், எந்த 40எச்? அந்தச் சிப்பில் உள் ரேம், வெளி ரேம், புரோகிராம் மெமரி என்று மூன்று தனித்தனி இடங்கள், மூன்றிலும் ஒரு 40எச் இருக்கிறது. மூவ், மூவ்எக்ஸ், மூவ்சி என்று மூன்று இன்ஸ்ட்ரக்‌ஷன்கள் அதற்குத்தான். இரண்டாவது, தாமதக் கேள்வி. "1 நொடி தாமதம் தரும் புரோகிராம்" என்று கேட்டுவிட்டு கிரிஸ்டல் எத்தனை மெகாஹெர்ட்ஸ் என்று சொல்லாமல் விடுவது. மூல 8051இல் ஒரு மெஷின் சைக்கிளுக்கு 12 கிளாக். கிரிஸ்டல் 12 மெகாஹெர்ட்ஸ் என்றால் சைக்கிள் சரியாக 1 மைக்ரோ நொடி. 11.0592 என்றால் சுமார் 1.085. சீரியல் போர்ட்டுக்கு 9600 பாட் வேகம் சுத்தமாக வகுபட்டு வரும் என்பதால் போர்டுகளில் இந்த விநோதமான எண்ணைப் போடுகிறார்கள். பின்னால் வந்த சில வகைகள் ஒரு சைக்கிளை 12க்கும் குறைவான கிளாக்கிலேயே முடித்துவிடும். ஆகவே சிப்பின் முழுப் பெயரும் கிரிஸ்டலும் தெரியாமல் தாமதக் கணக்கைத் தொடவே தொடாதீர்கள்.

மிப்ஸில் ஒன்று மட்டும்: கிளைத்த பிறகு வரும் டிலே ஸ்லாட்டை (கிளைக் கட்டளைக்கு அடுத்து, தாவும் முன்பே ஓடிவிடும் வரி) கணக்கில் எடுக்க வேண்டுமா? மார்ஸ் சிமுலேட்டரில் அது இயல்பாக அணைந்திருக்கும். பாடப்புத்தகத்தின் மாதிரியோ அது உண்டு என்று எழுதப்பட்டிருக்கலாம்.

கேள்வி மேல் பழி போடும் முன்

எல்லாக் குழப்பமும் கேள்வியிலிருந்து வருவதில்லை. சில பிழைகள் இரண்டுங்கெட்டான் கேள்வி மாதிரி வேஷம் போட்டு வரும். இவற்றை முகம் பார்த்ததும் அடையாளம் தெரிந்துகொண்டால் நேரம் மிச்சம்.

8085இல் 16 பிட் எண்ணிக்கையை டிசிஎக்ஸ் போட்டுக் குறைத்துவிட்டு உடனே ஜேஎன்இசட் (பூஜ்யம் இல்லையென்றால் தாவு) போடுவது. டிசிஎக்ஸ் எந்த ஃபிளாக்கையும் தொடாது. லூப் ஒரே சுற்றில் முடியும், அல்லது முடியவே முடியாது; அதற்கு முன் இசட் ஃபிளாக்கில் என்ன கிடந்ததோ அதைப் பொறுத்தது. எண்ணிக்கை இருக்கும் பி, சி ரெஜிஸ்டர்கள் இரண்டையும் அக்குமுலேட்டர் வழியாக ஓஆர்ஏ செய்து பார்க்க வேண்டும்.

8086இல் 16 பிட் வகுத்தலில் டிஎக்ஸைச் சுத்தம் செய்யாமல் விடுவது. 100ஐ 7ஆல் வகுக்கச் சொன்னால் புரோகிராம் "டிவைட் எரர்" என்று விழுகிறது, மாணவர் "7ஆல் வகுக்கக் கூடாதா?" என்று கேட்கிறார். சிப் வகுப்பது ஏஎக்ஸை மட்டும் அல்ல, டிஎக்ஸும் ஏஎக்ஸும் சேர்ந்த 32 பிட் எண்ணை. டிஎக்ஸில் குப்பை இருந்தால் ஈவு 16 பிட்டில் அடங்காமல் போய், இன்டரப்ட் 0 எழும்.

ஆனால் இதன் சகோதரன் உண்மையான இரண்டுங்கெட்டான்: "16 பிட் எண்ணை 8 பிட் எண்ணால் வகு." பைட்டால் வகுக்கும் டிவ் போட்டால் ஈவு 8 பிட் ஏஎல்லில் அடங்க வேண்டும். 1000ஐ 2ஆல் வகுத்தால் 500, அடங்காது, மறுபடி அதே எரர். ஈவு எத்தனை பிட் என்று கேள்வி சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை என்றால் 16 பிட் வகுத்தலையே பயன்படுத்தச் சொல்லுங்கள்; எல்லா எண்ணுக்கும் தாங்கும், 0ஆல் வகுப்பதைத் தவிர.

8051இல் எஸ்யுபிபி எப்போதும் கேரியையும் சேர்த்தே கழிக்கும், முன்னால் கேரியைத் துடைக்காவிட்டால் விடையில் சில சமயம் ஒன்று குறையும். "சில சமயம்" என்று மாணவர் சொன்னதுமே கேரி மேல் சந்தேகப்படுங்கள்.

அப்புறம், 1234எச் என்று சேமித்தது மெமரியில் 34, 12 என்று தெரிகிறது, விடை திரும்பிவிட்டது என்று பதறுவார்கள். திரும்பவில்லை. கீழ்ப் பைட் முதலில் வைப்பது இன்டெல்லின் வழக்கம்.

ஆசிரியரிடம் கேட்பது எப்படி

ஓட்டை உண்மைதான் என்று உறுதியானால், கேட்டுத் தெரிந்துகொள்வதுதான் குறுக்குவழி. மாணவர்கள் கேட்கத் தயங்குவதற்குக் காரணம், "கேள்வி புரியவில்லை" என்று போய் நின்றால் திட்டு விழும் என்ற பயம். அது நியாயமான பயம்தான், ஏனென்றால் அந்த வாக்கியத்துக்கு யாராலும் பதில் சொல்ல முடியாது. இப்படி எழுதிக் கேட்கச் சொல்லுங்கள்: "25, 38 உள்ளீடு என்றால் மெமரியில் 5டி இருக்க வேண்டுமா, 63 இருக்க வேண்டுமா?" ஒரு எடுத்துக்காட்டு, இரண்டு விடை, ஒன்றைத் தொட்டுக்காட்டினால் போதும். ஆசிரியருக்கு அரை நிமிட வேலை. இப்படிக் கேட்கிற மாணவர் யோசித்துவிட்டுத்தான் வந்திருக்கிறார் என்பதும் கேட்ட விதத்திலேயே தெரிந்துவிடும்.

ஒரே தடவையில் ஆறு ஓட்டைகளையும் கேட்க வேண்டாம். விடையை மாற்றக்கூடிய ஒன்றிரண்டை மட்டும் கேட்டால் போதும், மீதியை அனுமானமாக வைத்துக்கொள்ளலாம்.

பதில் வரவில்லை, நாளை சமர்ப்பிக்க வேண்டும் என்றால்? அனுமானம் எடுத்து, அதைப் புரோகிராமின் தலையிலேயே குறிப்பாக எழுத வேண்டும். பொருள் இப்படி இருக்கட்டும்:

; எண்கள் 8 பிட், குறியில்லாதவை, 0 முதல் 255 வரை
; 4200எச்: எண்ணிக்கை. அது தொகையில் சேராது. 0 ஆகவும் இருக்கலாம்
; 4201எச் முதல்: எண்கள்
; 4300எச்: தொகையின் கீழ்ப் பைட், 4301எச்: மேல் பைட்
; சோதித்தது: 2 எண்கள், எஃப்எஃப், 02. விடை 01, 01

கோப்பில் இதை ஆங்கிலத்திலேயே எழுதச் சொல்லுங்கள். டாஸ் காலத்து எடிட்டர்களில் தமிழ் எழுத்து ஒழுங்காகத் தெரியாது. கடைசி வரி முக்கியம். எஃப்எஃப்உம் 02உம் சேர்ந்தால் 101எச். கேரியைக் கவனித்திருக்கிறார் என்பதை அந்த ஒரு வரியே காட்டிவிடும். ரேம் தொடங்கும் முகவரி கிட்டுக்குக் கிட்டு மாறும் என்பதால் 4200 என்பதை அப்படியே வைத்துக்கொள்ள வேண்டாம், அவரவர் கிட்டில் உள்ளதைப் போடட்டும்.

இரண்டு அனுமானங்களில் எதை எடுப்பது என்று தடுமாறினால், பின்னால் மாற்றச் சுலபமானதை எடுக்கச் சொல்லுவேன். ஜேஏவை ஜேஜி ஆக்குவது ஒரு வரி. 8 பிட் தொகையை 16 பிட் ஆக்குவது பாதிப் புரோகிராமைத் திருத்துவது. ஆகவே அகலத்தில் சந்தேகம் வந்தால் பெரிய அகலமே நல்லது. முகவரி, எண்ணிக்கை மாதிரியானவற்றை மேலே ஈக்யூ போட்டுப் பெயர் வைத்துவிட்டால் அவை மாறினாலும் கவலையில்லை.

எழுதும்போது உங்கள் கை எங்கே இருக்க வேண்டும்

மவுஸிலும் கீபோர்டிலும் இருக்கக் கூடாது. இதை நான் சூடுபட்டுத்தான் தெரிந்துகொண்டேன். ஆரம்பத்தில் ஒரு பையனுக்கு, பெரிய எண் கண்டுபிடிக்கும் 8086 புரோகிராமை நானே முழுசாக எழுதிக் கொடுத்துவிட்டேன். நேரமில்லை, அவனும் கெஞ்சினான். வைவாவில் அவனிடம் கேட்ட ஒரே கேள்வி: "ஏன் ஜேஏ? ஜேஜி போட்டால் என்ன ஆகும்?" அவன் வாயைத் திறக்கவில்லை. புரோகிராம் சரியாக ஓடியும் மதிப்பெண் போயிற்று. என்மேல் அவனுக்கு இருந்த கோபத்தில் நியாயம் இருந்தது.

இப்போது தாளும் பேனாவும் மட்டும்தான். முதலில் ஒரு அட்டவணை: மேலே குறுக்கு வரிசையில் ரெஜிஸ்டர்கள், ஃபிளாக்குகள், கீழே ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு வரி. இரண்டே எண்கள் கொண்ட உள்ளீட்டை எடுத்து, மாணவரே சுற்றுச் சுற்றாக நிரப்ப வேண்டும். நிரப்ப முடியாமல் எந்தக் கட்டத்தில் பேனா நிற்கிறதோ, அங்கேதான் பிரச்சினை. கேரி கட்டத்தில் நின்றால் குறியோ அகலமோ தெளிவில்லை. முகவரிக் கட்டத்தில் நின்றால் எண்ணிக்கை எங்கே என்பது தெளிவில்லை. பிறகு ஒரே எண் கொண்ட உள்ளீடு, அப்புறம் காலி வரிசை.

அட்டவணை நிரம்பிவிட்டால் கோட் எழுதுவது கிட்டத்தட்ட பார்த்து எழுதுவதுதான். மாட்டிக்கொண்டால் இன்ஸ்ட்ரக்‌ஷனின் பெயரைச் சொல்லாதீர்கள். "ஏஎக்ஸில் இருப்பதோடு ஒப்பிட்டு, பெரிதாக இருந்தால் தாவ வேண்டும், அதற்கு என்னென்ன ஜம்ப் இருக்கு?" என்று கேட்டு, பட்டியலைத் திறந்துவிடுங்கள். சிமுலேட்டரில் ஓட்டும்போது ஒரேயடியாக ஓடவிடாமல் ஒவ்வொரு அடியாக ஓட்டி, தாளில் எழுதியதோடு ஒப்பிடச் சொல்லுங்கள். இரண்டும் எங்கே முதன்முதலில் முரண்படுகிறதோ, அதற்கு மேலே உள்ள வரியில்தான் தப்பு.

கடைசியாக, புரோகிராம் ஓடி விடை வந்ததும் மாணவரை அப்படியே எழுந்துபோக விடாதீர்கள். அனுமானங்களில் ஒன்றை மாற்றிச் சொல்லி, எந்த வரி மாறும், விடை என்ன ஆகும் என்று ஓட்டுவதற்கு முன்பே கேளுங்கள். 25, 38 கேட்டு வந்த மாணவி எழுதியது இவ்வளவுதான்:

எம்விஐ ஏ, 25எச்
எம்விஐ பி, 38எச்
ஆட் பி
டிஏஏ
எஸ்டிஏ 4200எச்
எச்எல்டி

"38ஐ எடுத்துட்டு 85 போட்டா?" என்று கேட்டேன். கொஞ்ச நேரம் தாளில் கிறுக்கினார். "10னு வரும்... ஆனா 110 இல்ல வரணும். அந்த 1 கேரியில போயிடுச்சு அண்ணா. அதையும் எங்கயாவது வைக்கணுமான்னு கேள்வியில சொல்லவே இல்லையே" என்றார்.